பாயில் விட்ட இடம்

கண் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் பொய் சொல்வார்கள். சுவரில் தொங்கும் எழுத்துகளை வெளியில் காத்திருக்கும்போதே எட்டிப் பார்த்துப் பாடமாக்கிக்கொண்டு வந்து, கடைசி வரிவரை கடகடவென்று ஒப்புவிப்பார்கள். கண் மங்கிவிட்டது என்று ஒப்புக்கொள்வதில் அப்படி என்ன வெட்கமோ தெரியவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் அட்டையை மாற்றிவிடுவேன். மட்டக்களப்பு நகரத்துக்குள் ஒரு கண்ணாடிக் கடையில் பத்து வருஷமாக இதுதான் என் வேலை. பொய் சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அதற்கு எனக்கு அருகதையும் இல்லை.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை. கடைக்கு வெளியே நாலு பேர் இருக்கக்கூடிய ஒரு வாங்கு கிடக்கிறது. அன்றைக்கு அதில் மூன்று பேர்தான் இருந்தார்கள். நாலாவது ஆளுக்கு இடமிருந்தும் வயதான ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். முப்பது தாண்டிய ஒரு மனிதர் தனக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இடத்தை விட்டுவிட்டு, வாங்கின் விளிம்பில் பாதி உடம்போடு தொங்கிக்கொண்டிருந்தார். "தம்பி, கொஞ்சம் அரக்கி இரிங்களன்" என்று அந்தப் பெண் கேட்டதும் திடுக்கிட்டு நகர்ந்தார். நகர்வதற்கு முன்னால், வெறும் பலகையில் விரல்களால் இரண்டு முறை தட்டினார். நான் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்றேன். சத்தம் எனக்குக் கேட்கவில்லை. ஆனாலும் அந்த இரண்டு தட்டும் எனக்குத் தெரிந்தவை.

அவருடைய முறை வந்தது. காத்தான்குடியில் புடவைக் கடை வைத்திருக்கிறார். தூரத்தில் வரும் பஸ்ஸின் பெயர்ப்பலகை தெரிவதில்லை என்றார். விளக்கை அணைத்து, சோதனைக்கு மாட்டும் சட்டத்தை அவருடைய மூக்கில் வைத்து, வில்லையைக் கையில் எடுத்தேன். இது தெளிவா, அது தெளிவா என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வி வரவில்லை. இருபது வருஷமாகத் தொண்டைக்குள் கிடந்த வேறொரு குரல் வந்தது. மூக்கால் பேசுகிற, கரகரத்த குரல்.

"எல்லாரும் வந்தாச்சா?"

வெளியே ஓட்டோக்காரர் ஒருவர் யாரையோ ஏசிக்கொண்டிருந்தது கேட்டது. பிறகு, அவ்வளவு பெரிய மனிதர், பள்ளிக்கூடப் பிள்ளை இழுத்துச் சொல்வதைப்போல் சொன்னார்.

"வரல்ல."

சட்டத்தைத் தானே கழற்றி மடியில் வைத்தார். "மிஸ், நீங்க எந்த முகாம்?"

சுனாமி வந்தபோது எனக்கு ஒன்பது வயது. கடற்கரையில் இருந்த வீடு போய்விட்டது. தன்னாமுனைக்கு அப்பால் ஒரு தென்னந்தோட்டத்தில் போட்ட கூடாரங்களில் ஒன்றில் அம்மாவும் நானும் இருந்தோம். அப்பா அப்போது கட்டாரில் வேலை செய்தார். முகாம் பிள்ளைகளைச் சிரிக்கவைக்க யார் யாரோ வந்தார்கள். பலூன் ஊதிக் கொடுத்தார்கள். வெள்ளைக்காரர்கள் வந்து கைகோத்து வட்டமாகக் குதிக்கச் சொன்னார்கள். அவர்கள் பாவம் என்று நாங்களும் சிரித்துக் கொடுத்தோம்.

உண்மையாகச் சிரித்தது ஒரு முதலைக்குத்தான். படுவான்கரையிலிருந்து, அதாவது வாவிக்கு மேற்கே இருக்கும் வயல் ஊர்களிலிருந்து, கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வாத்தியார் ஒருவர் சனிக்கிழமை பின்னேரங்களில் சைக்கிளில் வருவார். இரண்டு தென்னைகளுக்கு நடுவில் ஒரு சேலையைக் கட்டி, அதற்குப் பின்னால் முழங்காலில் நிற்பார். சேலைக்கு மேலே முதலை எழும்பும். பழைய குடைத் துணியில் தைத்த உடம்பு, சோடாப் போத்தல் மூடிகளில் கண், சட்டைப் பொத்தான்களில் பல். வாத்தியாரின் கை முழங்கைவரை அதற்குள்ளே இருக்கும். நாங்கள் மரியாதையாக முதலையார் என்றுதான் சொல்வோம்.

முதலையாருக்குத் தண்ணீர் என்றால் பயம். "நான்தான் எல்லாரையும் சாப்பிடுற ஆள். அண்டைக்குத் தண்ணி என்னச் சாப்பிடப் பாத்திட்டு" என்று மூக்கால் சொல்வார். போத்தலில் தண்ணீர் குடிக்கும்போதுகூட இரண்டு கண்ணையும் பொத்திக்கொள்வார். கதை முழுக்க அவர் திரும்ப வாவிக்குப் போக எடுக்கும் முயற்சிதான். ஒவ்வொரு கிழமையும் ஒரு வாளித் தண்ணீரில் ஒரு நகத்தை வைப்பார், அலறுவார், ஓடுவார், சேலைக்குப் பின்னால் விழுவார். கடல் இருக்கும் திசையில் தலைவைத்துப் படுக்கவும் நாங்கள் பயந்த காலம் அது. எங்களைவிடப் பயந்த ஒருவர், அதுவும் ஒரு முதலை, வாரத்துக்கு ஒருமுறை வந்து போனார். அவரை நாங்கள் எவ்வளவு நேசித்தோம் என்று வேறு ஊர் ஆட்களுக்கு என்னால் விளங்கப்படுத்த முடிந்ததே இல்லை.

அவர் வந்த முதல் நாள் ஒரு பிழை நடந்தது. பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் செய்கிற எதையும் எங்கள் பக்கத்தில் ஒரே கேள்வியோடுதான் தொடங்குவார்கள். வாத்தியாரும் பழக்கத்தில் கேட்டுவிட்டார். முதலையார் வாயை அகலத் திறந்து, "எல்லாரும் வந்தாச்சா?" என்றார். வேறு ஊராக இருந்தால் பிள்ளைகள் "ஓம்" என்று காது கிழியக் கத்தியிருப்பார்கள். எங்கள் பாய்களில் ஒருவரும் கத்தவில்லை. முன்னால் இருந்த ஒரு சின்னப் பிள்ளை மட்டும் "வரல்ல" என்றது.

முதலையார் யோசிக்காமல், "ஆர் வரல்ல?" என்று கேட்டுவிட்டார்.

"என்ட தம்பி."

அதோடு நிற்கவில்லை. என்ட அம்மா, என்ட அக்கா, எங்கட மாமி, மாமிட புள்ள என்று பாய்களின் ஒரு மூலையில் தொடங்கி மறுமூலைக்குப் போனது. பெயர்களையும் சொன்னார்கள். முதலையாரின் வாய் திறந்தபடியே நின்றது. அவர் ஆச்சரியப்பட்டு நிற்கிறார் என்று அன்றைக்கு நினைத்தேன். உள்ளே இருந்த கையால் விரல்களை மடக்க முடியவில்லை என்று இப்போது நினைக்கிறேன். முகாமைப் பார்த்துக்கொண்ட பெரியவர்கள், போதும் நிறுத்துங்கள் என்று ஓடிவந்தார்கள். அவர்கள் வந்து சேருவதற்குள் முதலையார் பேசிவிட்டார்.

"அப்ப அவங்களுக்கும் இடம் விட்டு இரிங்க. பிந்தி வந்தா அவங்க எங்க இரிக்கிற?"

சேலைக்கு மேலால் குனிந்து, முதலில் சொன்ன பிள்ளையின் பக்கத்தில் பாயைத் தாடையால் இரண்டு முறை தட்டினார். இதுதான் இடம், வந்து இரு என்பதுபோல. எல்லாரும் அரக்கி இருந்தார்கள். எல்லாரும் தங்கள் பக்கத்தில் இடம் விட்டு இரண்டு முறை தட்டினார்கள். அதன் பிறகுதான் கதை தொடங்கியது. பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்படித்தான். பிள்ளைகளுக்குக் கூடாது என்று பெரியவர்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். அவர்கள் சொன்னதை யாரும் கேட்கவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால், பாய் நிறைய விரித்து ஆள் குறைவாக வந்த கூட்டம் என்று தோன்றும்.

எனக்கும் ஓர் ஆள் வரவில்லை. ஐந்து வயதுத் தங்கச்சி.

அம்மா தினமும் விடிந்ததும் அவளைத் தேடிப் போய்விடுவார். ஆஸ்பத்திரிகள், தனித்துப்போன பிள்ளைகளைச் சேர்த்துவைத்திருந்த இடங்கள், பொலிஸ், கோயில்கள். போன இடமெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொன்னார். "மஞ்சள் சட்டை. முதுகில மூண்டு பொத்தான். நடுப் பொத்தான் மட்டும் வெள்ள." அந்த நடுப் பொத்தான் முந்தின கிழமை உடைந்துபோய், கைக்குக் கிடைத்த வேறொன்றை அம்மாவே தைத்திருந்தார். முகாமில் பெயர் எழுத வந்தவர்கள் இருக்கிறவர்களை ஒரு தாளிலும் செத்தவர்களை இன்னொரு தாளிலும் எழுதினார்கள். அந்த இரண்டாவது தாளில் தங்கச்சி ஏறிவிட்டால் பிறகு அவளை ஒருவரும் தேட மாட்டார்கள் என்று அம்மாவுக்குப் பயம். அதனால் ஒவ்வொரு நாளும் புறப்படும்போது என் தாடையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போவார். "ஆர் கேட்டாலும் தங்கச்சி என்னோட போயிரிக்கா எண்டு சொல்லு. விளங்கிச்சா?"

முதல் நாள் மற்றவர்கள் பாயில் இடம் விட்டபோது நான் விடவில்லை. போத்தல் மூடிக் கண்கள் இரண்டும் என்னைப் பார்த்தன.

"உனக்கு ஆர் வரல்ல?"

"எங்கட வீட்டில எல்லாரும் இரிக்காங்க" என்றேன்.

"சந்தோசம்" என்றார் முதலையார். "அப்ப நீ கொஞ்சம் அரக்கி இரி புள்ள. மத்தவங்களுக்கு இடம் காணாது."

அரக்கி இருந்தேன். பக்கத்துக் கூடாரத்துப் பெண்பிள்ளையின் தோளோடு தோள் ஒட்டி இருந்தேன். அவளுக்கு என் வயதுதான். நாடியில் ஒரு தழும்பு. தன் அண்ணனுக்கு அவள் மறுபக்கத்தில் இடம் விட்டிருந்தாள். அன்றைக்கே முகாமில் எனக்கு 'எல்லாரும் உள்ளவள்' என்று பட்டம் கிடைத்தது. சில பிள்ளைகள் பொறாமைப்பட்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேலாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்படி ஒட்டியே இருந்தேன். முதலையார் அலறி ஓடிச் சேலைக்குப் பின்னால் விழுந்து எல்லாரும் சிரிக்கும்போது நானும் சிரிப்பேன். அந்த நேரத்தில் எனக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்பது தெரியும். காலை மாற்றி மாற்றி நிற்கிற சின்ன ஆள். இருக்க இடமில்லாமல் நிற்கிறாள் என்று தெரியும். நான் திரும்பிப் பார்க்கமாட்டேன்.

இன்றைக்கும் பஸ்ஸில் நெருக்கி இருக்க நேர்ந்தால் முதுகுக்குப் பின்னால் அந்தக் கால்கள் மாறும். அதனால் கடைசி ஆசனத்தில் சுவரோடு சாய்ந்துதான் இருப்பேன். அங்கே பின்னால் யாரும் நிற்க முடியாது என்று ஒரு கணக்கு. ஆனால் நிற்கிறவளுக்குச் சுவரெல்லாம் ஒரு பொருட்டா?

இதையெல்லாம் காத்தான்குடிக்காரரிடம் நான் சொல்லவில்லை. தன்னாமுனைப் பக்கத்து முகாம் என்று மட்டும் சொன்னேன். வாத்தியார் அவர்களுடைய முகாமுக்கும் போயிருக்கிறார். ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தார்களாம். எங்கள் முகாமில் பிள்ளைகளோடு தொடங்கியதை வாத்தியார் அங்கேயும் கொண்டுபோயிருக்கிறார்.

"மிஸ்ஸுக்கு எத்தின?" என்று கேட்டார். எத்தனை இடம் என்று அர்த்தம். அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

"ஒண்டு" என்றேன். என் காதுக்கே அது புதிதாகக் கேட்டது.

"எனக்கு மூண்டு. உம்மா, ராத்தா, ராத்தாட புள்ள." அக்காவைத்தான் ராத்தா என்கிறார். சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்தார். "கடையில, பள்ளிவாசல்ல, எங்க இரிந்தாலும் கை தானா தட்டிடுது. வீட்டில அவ ஏசுறா, சனம் பாக்குது எண்டு."

அதன் பிறகு நாங்கள் பேசியதைக் கேட்டிருந்தால் யாரும் எங்களைப் பெரிய மனிதர்கள் என்று சொல்லமாட்டார்கள். அவர்களுடைய முகாமில் முதலையார் முழங்கால்வரை தண்ணீரில் இறங்கினாராம். எங்களிடத்தில் வாலை நனைத்ததோடு சரி. எனக்குச் சுள்ளென்று பொறாமை வந்தது. முப்பது வயதில், ஒரு குடைத் துணி முதலைக்காக. முழுதாக இறங்கினாரா இல்லையா என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. ஒரு வருஷம் கழிந்ததும் நாட்டில் சண்டை திரும்பவும் தொடங்கி, படுவான்கரையிலிருந்து வரும் பாதைகள் அடைபட்டுவிட்டன. ஒரு சனிக்கிழமை நாங்கள் பாய் விரித்து, இடம் விட்டு, தட்டிவிட்டு, இருட்டும் மட்டும் இருந்தோம். வாத்தியார் வரவில்லை. அவர் எங்கே போனார் என்று யாரைக் கேட்டாலும் வேறு வேறு கதை சொல்கிறார்கள். எந்தக் கதையையும் நான் கடைசிவரை கேட்பதில்லை.

புடவைக் கடைக்காரர் சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஃபோனில் ஒரு குழு தொடங்கினார். அவர் ஓர் ஆளைப் பிடித்தார், அந்த ஆள் இன்னோர் ஆளைப் பிடித்தார். வந்தாறுமூலைக் கம்பசில் வேலை செய்யும் ஒருவர், ஓர் ஆஸ்பத்திரித் தாதி, ஒரு பஸ் கண்டக்டர். அந்தக் கண்டக்டரை நானே பிடித்தேன். ஆட்களை நெருக்கி ஏற்றி, "உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க" என்று உயிரை வாங்குகிற மனிதர், தன்னுடைய ஆசனத்தின் ஓரத்தில் மட்டும் ஒரு பையைக்கூட வைக்கவிடுவதில்லை. இறங்கும்போது நான் அந்த இடத்தை இரண்டு முறை தட்டினேன். ரிக்கட்டைக் கிழித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. பஸ்ஸும் கொஞ்ச நேரம் நின்றது.

குழுவில் பெரும்பாலும் சண்டைதான். குடைத் துணி கறுப்பா பச்சையா என்று மூன்று நாள் ஓடியது. நான் கண்டது பச்சை. கறுப்பு என்கிறவர்கள் கடைக்கு வந்தால் கண்ணைப் பார்த்து அனுப்புகிறேன் என்று எழுதினேன். இந்தப் பகிடியெல்லாம் வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிடும். சனிக்கிழமை பின்னேரம் யாராவது ஒருவர் அந்தக் கேள்வியை எழுதுவார். எல்லாரும் வந்தாச்சா? உடனே ஒருவர் பின் ஒருவராக வராதவர்களின் பெயர்களை எழுதுவார்கள். பெயர், பெயர், பெயர் என்று திரை மேலே ஓடும். நான் ஃபோனைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். தங்கச்சியின் பெயரை எழுதுவேன், அழிப்பேன். முகாமில் செய்ததையே இப்போது பெருவிரலால் செய்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் புடவைக் கடைக்காரர் தனியாக எழுதினார். "மிஸ், உங்கட ஆள்ட பேர் மட்டும் வரல்ல."

என்ன எழுதுவது? அந்தப் பெயர் எங்கேயுமே இல்லை. ஊரில் சுனாமியில் செத்தவர்களுக்கு நினைவுக்கல் வைத்தபோது அப்பா கொடுத்த பெயரை அம்மா போய்ச் சண்டைபிடித்து எடுத்துவிட்டார். முப்பத்தோராம் நாள் சாவுச் சடங்குக்கு அமுது படைக்கவும் விடவில்லை. அப்பா பிறகு காய்ச்சலில் போனார். அவருக்கு எல்லாம் முறைப்படி நடந்தது, கல்லறையில் பெயரும் இருக்கிறது. தங்கச்சிக்கு ஒன்றுமில்லை. செத்தவர்களுக்கு நடுவிலும் இடமில்லை, இருக்கிறவர்களுக்கு நடுவிலும் இடமில்லை. அம்மா இப்போது ஐந்து வயதுப் பிள்ளையைத் தேடுவதில்லை. ரீவியில் ஏதாவது கூட்டம் காட்டினால் கிட்டப் போய் நின்று, இருபத்தாறு வயது முகங்களைப் பார்ப்பார். மஞ்சள் சட்டை என்ற வாக்கியம் மட்டும் மாறவில்லை. வருஷத்தில் ஒன்றிரண்டு தடவை, யாரும் கேட்காமலே, கறிக்கு உப்புப் போடும்போதோ துணி காயப்போடும்போதோ அதைச் சொல்லிப் பார்ப்பார். நடுப் பொத்தான் மட்டும் வெள்ள. அதைக் கேட்கும்போது எனக்கு அம்மாமேல் இரக்கமும் எரிச்சலும் ஒன்றாக வரும். எது முந்தி வரும் என்று சொல்லத் தெரியவில்லை.

இந்த வருஷம் கடையில் கூட வேலை செய்யும் பிள்ளையின் கலியாணத்துக்குப் போனேன். மண்டபத்தில் சாப்பாட்டு மேசைகளில் நெருக்கம். நான் வழக்கம்போல் சுவரோரத்தில் ஒரு கதிரையைப் பிடித்தேன். எனக்கு நேர் எதிரில் ஒரு பெண் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இரண்டு கதிரைகள் வெறுமையாக இருந்தன. சோறு போட வந்தவர், "இதில ஆக்கள் வருவாங்களாகா?" என்று சலிப்போடு கேட்டார். "வருவாங்க, நீங்க போங்க" என்று அவள் சொன்னாள். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் இரண்டு கதிரைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டினாள். முதல் கதிரைக்கு இரண்டு தட்டு, அடுத்ததற்கு இரண்டு தட்டு. நிமிர்ந்தபோது நாடியில் அந்தத் தழும்பைக் கண்டேன்.

முகாம் கலைந்தபோது அவர்களுக்கு வேறோர் இடத்தில் வீடு கிடைத்தது. அதன் பிறகு நாங்கள் சந்தித்ததில்லை. சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழும்பி, சுற்றிக்கொண்டு போய் அவள் பின்னால் நின்றேன்.

"எத்தின?" என்று கேட்டேன்.

திரும்பாமலே, "ரெண்டு" என்றாள்.

"பொய். உனக்கு அண்ணன் மட்டும்தான்."

அப்போதுதான் திரும்பினாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எல்லாரும் உள்ளவள்" என்றாள். சிரிக்கவில்லை.

"மற்றது ஆருக்கு?"

"உன்ட தங்கச்சிக்கு."

இருக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் அந்த இரண்டு கதிரைகளிலும் எப்படி இருப்பது? மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் குழம்பு ஊற்றிய சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள்.

"நீ நித்திரையில கூப்பிடுவாய் கா. ரெண்டு கூடாரத்துக்கும் நடுவில ஒரு துணிதானே. தங்கச்சி எண்டு பேரச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடுவாய். மறுகா சனிக்கிழம வந்து முதலையாரிட்ட எல்லாரும் இரிக்காங்க எண்டு சொன்னாய். எனக்குத் தெரியும் நீ பொய் சொன்னது. அவள் உனக்குப் பின்னால நிண்டுகொண்டே இரிந்தாள். அதால அண்ணனிட்டச் சொன்னன், கொஞ்சம் அரக்கு, இன்னொரு ஆளும் இரிக்கு எண்டு."

நான் கேட்ட கேள்வியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. "அண்ணன் விட்டாரா?" என்று கேட்டேன்.

"முதல்ல முறைச்சான். மறுகா விட்டான்."

எனக்குக் கோபம் வந்தது. நன்றி வரவில்லை, கண்ணீரும் வரவில்லை, கோபம்தான் வந்தது. என் தங்கச்சியை இருபது வருஷமாகக் கதிரை கதிரையாகக் கொண்டுதிரிய இவள் யார்? பஸ்ஸிலும் பந்தியிலும் கோயிலிலும் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறாள். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ கேட்டிருந்தாத் தந்திருப்பன்" என்றாள். நான் கேட்கவில்லை என்பது உண்மைதான். கேட்டிருந்தால் தங்கச்சி செத்துவிட்டாள் என்று ஆகியிருக்கும்.

"அவள் அங்க நல்லா இரிந்தாளா? சிரிச்சாளா?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். என்னைத் தேற்றுவதற்காக ஒன்றைச் செய்துசொல்ல நினைக்கிறவளின் யோசனையாக அது தெரியவில்லை. மறந்துபோன ஒன்றை நினைவுபடுத்தப் பார்க்கிறவளாகத்தான் இருந்தாள்.

"முதலையாரப் பாக்கவே இல்ல கா அவள். உன்னத்தான் பாத்துக்கொண்டிரிந்தாள்."

அவளுடைய ஃபோன் நம்பரை வாங்கிக்கொண்டு, மாப்பிள்ளை பொம்பிளையோடு படம்கூட எடுக்காமல் வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. அம்மா முன்வாசல் வாங்கில் இருந்து, சுளகை மடியில் வைத்து முருங்கை இலை ஆய்ந்துகொண்டிருந்தார். முகாமைப் பற்றி அம்மாவும் நானும் பேசுவதில்லை. அம்மாவைப் பொறுத்தவரை அது தேடலுக்கு நடுவில் படுக்க வந்த ஓர் இடம், அவ்வளவுதான். முதலையாரை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. சனிக்கிழமை பின்னேரங்களில் அவர் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்.

நின்றபடியே சொல்லத் தொடங்கினேன். முதலை, கேள்வி, பாய், இரண்டு தட்டு. நான் சொன்ன பொய், அந்தப் பொய்யை எனக்குச் சொல்லித்தந்தது யார் என்பதையும் விடவில்லை. தங்கச்சி எனக்குப் பின்னால் நின்றது. ஒரு பெண் தன் அண்ணனை அரக்கச் சொல்லி அவளுக்கு இடம் கொடுத்தது. இன்றைக்கும் கொடுத்துக்கொண்டிருப்பது. சொல்லி முடித்துவிட்டு ஏச்சுக்காகக் காத்திருந்தேன். நினைவுக்கல்லை வைத்தவர்களிடம் அம்மா பேசிய பேச்சு எனக்கு மறக்கவில்லை. அதில் பாதி எனக்குக் கிடைக்கும் என்று நினைத்தேன். அழுவார் என்றும் நினைத்தேன். அம்மாவின் விரல்கள் காம்பிலிருந்து இலையை உருவிக்கொண்டே இருந்தன. பிறகு நின்றன.

"என்ன சட்ட போட்டிரிந்தாளாம்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"அந்தப் புள்ள பாத்தாளாமே. என்ன சட்ட எண்டு சொன்னாளா?"

"கேக்கல்ல அம்மா."

"கேக்காம வந்தயா?" அம்மாவின் குரலில் இருந்தது கோபம்தான், ஆனால் கடைக்குப் போய் உப்பை மறந்து வந்தவள்மேல் வருகிற கோபம். "பக்கத்தில வெச்சிரிந்தவளுக்குத் தெரியாமயா இரிக்கும். கேளு."

ஆட்கள் எதைப் பார்க்கிறார்கள், எதைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதுதான் என் தொழில். ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று வெறும் பாயில் கண்டதை இருபது வருஷத்துக்குப் பிறகு ஃபோனில் கேட்பது பைத்தியக்கார வேலை என்றும் தெரியும். அதைவிட, அவள் ஏதாவதொரு நிறத்தைச் சொன்னால் அதை நான் அம்மாவிடம் எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை. மஞ்சள் என்றால் என்ன செய்வது, மஞ்சள் இல்லை என்றால் என்ன செய்வது? நம்பரை அழுத்தினேன். மறுமுனையில் மணி போகத் தொடங்கியது.

அம்மா சுளகை நிலத்தில் இறக்கிவைத்தார். மடியில் ஒட்டியிருந்த இலைகளைத் தட்டிவிட்டார். பிறகு வாங்கின் நடுவிலிருந்து மெல்ல அரக்கி, பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டு இருந்தார். எனக்குத்தான் இடம் விடுகிறார் என்று ஃபோனைக் காதில் வைத்தபடி இருக்கப் போனேன்.

"அதில இரியாத" என்றார் அம்மா. "நீ அங்கால போய் இரி."

நான் சுற்றிப்போய், விட்ட இடத்துக்கு மறுபக்கத்தில் இருந்தேன்.